எட்டாம் நம்பர் ஜோடி

ஜனவரி 9, வியாழன்

இந்த வருஷமாவது டைரியில் எழுதியே தீருவது. போன வருஷ டைரியைக் கோலம் போட்டே தீர்த்தேன். அதற்கு முந்தையது ஸ்டோர் கதவு ஆடாமல் இருக்க அண்டக் கொடுத்தது. கம்பெனி டைரி என்பதால் பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பாதுகாப்பு வாசகம் அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு, 'உன் உயிர் உன் கையில்'. காலைப் பற்றி இதுவரை ஒரு பக்கத்திலும் காணோம்.

ஆனால் இன்று முழுக்கக் கால் பஞ்சாயத்துதான். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் நாங்கள் எழுப்புகிற பதினோரு மாடிக் குடியிருப்புக்கு நூற்றுப் பத்து ஜோடி ஷூ வந்து இறங்கியது. கறுப்பு. விரல் பக்கம் இரும்புக் கிண்ணம், அடியில் ஆணி ஏறாமல் இருக்கத் தகடு. அந்தக் காலத்து ஷூவில் இந்தத் தகடு கிடையாது. முன்னால் இரும்பு மட்டும்தான்.

சேஃப்டி ஆபீசர் ஜெபராஜ் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து ஷூ இல்லாமல் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. செருப்பு செல்லாது. கயிறு கட்டாத ஷூவும் செல்லாது. மூன்று நாள் ஷூ இல்லாமல் வந்து நின்றால் பாஸை வெட்டிவிடுவார்கள். பாஸ் போனால் பின்னால் இருக்கிற தகர ஷெட்டில் குடும்பத்தோடு தங்குகிற இடமும் போயிற்று.

ஸ்டோர் என் பொறுப்பு. நாளைக்கு இந்த நூற்றுப் பத்தையும் காலில் மாட்டிவிட வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

"உன் கால் என்ன நம்பர்?" என்று கேட்டால் ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. "செருப்பு சைஸ்க்கா" என்கிறான் ஒருவன். "பெருசா குடு தவமணியக்கா, வளர்ற பையனுக்கும் ஆவும்" என்கிறான் இன்னொருவன். கடைசியில் டைல்ஸ் பெட்டி அட்டையைத் தரையில் போட்டு, ஒவ்வொருவனையும் அதில் ஏறி நிற்கச் சொல்லி, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டேன். கூச்சத்தில் நெளிந்தான்கள். எத்தனை கால்! ஆறு விரல் ஒன்று, பெருவிரல் நசுங்கியது நாலைந்து.

கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஏழுமலைக்கு எட்டு. அட்டையில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அடுத்த ஆள் "அக்கா, என் கால வரையலியா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

பெண்களுக்கு நாலும் ஐந்தும் வந்திருக்கிறது. நவம்பரில் நான் ஆபீசில் போய்க் கத்தியதன் பலன். முன்பெல்லாம் ஆம்பளை சைஸில் சின்னதைக் கொடுத்து, உள்ளே துணி அடைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இப்போது சைஸ் சரி, மெட்டி இடிக்கிறது. ஏழுமலை பெண்டாட்டி பூங்காவனம் காலை உள்ளே விட்ட உடனே "யம்மா!" என்று உருவிக்கொண்டாள். ஜெபராஜ் நாகர்கோவில் பிள்ளை. முப்பது வயதுகூட இல்லை, வெடுக்கென்று பேசிவிடுவார்.

"மெட்டியக் கழட்டி வச்சிருங்கக்கா. வேலை முடிஞ்சதும் போட்டுக்கிடலாம்லா."

பூங்காவனம் முகம் எப்படிப் போயிற்று தெரியுமா! "இன்னா சார் பேச்சு இது? எங்கூட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. மெட்டியக் கழட்டுன்றீங்க?"

நான்தான் நடுவில் புகுந்து, ஒரு நம்பர் பெரிய ஷூ எடுத்து, மெட்டிமேல் பஞ்சு வைத்துத் துணி டேப் சுற்றிவிட்டேன். மற்ற பெண்களுக்கும் அதே வைத்தியம். எனக்கு ஐந்தாம் நம்பர் ஒட்டு வேலை எதுவும் இல்லாமல் நேராக ஏறிவிட்டது. என் விரலில் இடிக்க ஒன்றும் இல்லை.

முதன்முதலில் ஷூ வந்தது இரண்டாயிரத்து இரண்டு, ஐப்பசி. போரூர் பக்கம் ஒரு வேலை. அன்றைக்கும் ஏழுமலை மாதிரியே சென்ட்ரிங் ஆள்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். நான் அப்போது அதே சைட்டில் சித்தாள். ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஒருவன் சுத்தியல் எடுத்து விரல் பக்கம் டங்கென்று அடித்துப் பார்த்தான். "கோதண்டம், உள்ள காலு இருந்தா தெரிஞ்சிருக்கும்டா" என்று இன்னொருவன் இவரைப் பார்த்துச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டு, "இப்ப அடிடா" என்றார். அடித்தான். நான் கத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வெற்றிலைக் காவிப் பல் எல்லாம் தெரியச் சிரித்தார். மண் படக் கூடாது என்று ஷெட்டுக்குள் தினத்தாள் விரித்து அதன்மேல் நடந்து பழகினார். நாலு தாள்தான் இருந்தது. முன்னால் வைத்து, பின்னால் இருப்பதை எடுத்து, மறுபடி முன்னால் வைத்து... நானும் கூடவே குனிந்து தாள் மாற்றிக்கொண்டே போனேன்.

அவ்வளவு ஆசையாக வாங்கிய ஷூவை வேலைக்குப் போட மாட்டேன் என்றுவிட்டார். தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் போடுவேன் என்று பெட்டியில் வைத்துவிட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கிற ஆளா அவர்?

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். சைட் லீவு. ஷெட்டில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஓசூரிலிருந்து மகள் ஃபோன் செய்து, பொங்கல் பொங்கியதா என்று கேட்டாள். ஒரு ஆளுக்கு என்னத்தைப் பொங்குவது? குக்கரில் மூன்று விசில்.

பரண் துடைத்தேன். ஃபோட்டோவை எடுத்துத் துடைத்தேன். அட்டைப்பெட்டியையும் துடைத்தேன். திறக்கவில்லை.

அந்த ஃபோட்டோவுக்கு ஒரு கதை உண்டு. ஷூ வந்த ஞாயிற்றுக்கிழமை போரூரில் ஸ்டூடியோவுக்குப் போனோம். நான் அரக்குப் புடவை, அவர் வெள்ளைச் சட்டை, ஷூ. ஃபோட்டோக்காரர் இடுப்பு வரைக்கும்தான் எடுத்திருந்தார். படம் கைக்கு வந்ததும் இவர் பிடித்துக்கொண்டார். "ஷூ எங்க? ஷூவுக்குத்தானய்யா ஃபோட்டோ எடுக்க வந்தன்!" ஃபோட்டோக்காரர், "பக்கத்துல பொண்டாட்டி நிக்குது, அதுக்கு இல்லியா?" என்றார். "அவ தினம் கூடத்தான இருக்குறா" என்றாரே பார்க்கலாம்! மறுபடி எடுத்தது இந்தப் படம். நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, ஷூவை காமிராவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறார். ஷூதான் பெரிதாக விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால் எங்கேயோ அவர் தலை. நான் ஓரத்தில் உர்ரென்று நிற்கிறேன்.

இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கே சிரித்திருக்கலாம்.

ஜனவரி 20, திங்கள்

ஏழுமலை ரப்பர் செருப்பில் வந்தான்.

"ஷூ எங்கடா?"

"வூட்ல இருக்குதுக்கா. மூணாந்தேதிக்கு மேலதான கட்டாயம்?"

"ஆணி தேதி பாத்துட்டா ஏறும்?"

பல்லைக் காட்டிக்கொண்டு போய்விட்டான். ஷூ வாங்கிய நூற்றுச் சொச்சம் பேரில் முப்பது பேர் காலில்கூட ஷூ இல்லை. எல்லாம் பெட்டிக்குள் தூங்குகிறது. கோயில், கல்யாணம், ஊர் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கணக்கு.

ஜனவரி 23, வியாழன்

மத்தியானம் ஏழுமலை ஸ்டோருக்கு வந்து, "மஞ்சத்தூள் இருக்குதாக்கா?" என்றான். என்னத்துக்கு என்றேன். சும்மா என்றான். குதிகாலில் நடக்கிறான், சும்மாவாம். "உக்காருடா" என்று போட்ட சத்தத்தில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாம் மாடியில் பலகை பிரிக்கும்போது, ஆணியோடு மல்லாந்து கிடந்த பலகையில் மிதித்திருக்கிறான். செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் முக்கால் அங்குலம். உருவிப் போட்டுவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, மறுபடி இரண்டு மணி நேரம் வேலை செய்திருக்கிறான். அந்தச் சின்னத் துளையைப் பார்த்தேன். ரத்தம்கூட இல்லை. அதுதான் மோசம்.

ஸ்டோரைப் பூட்டிச் சாவியை ஜெபராஜ் மேசைமேல் எறிந்துவிட்டு, அவனை ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா சின்னப் பெண். காயத்தைக் கீறிக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டார். "பயப்படாதீங்கம்மா, நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார்.

"எத்தனை நாள் பாக்கணும்?" என்றேன்.

"எதை?"

"வாய் இறுகுதான்னு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மூணு வாரம்னு சொல்வாங்க. ஆனா ஊசி போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது."

வெளியே பூங்காவனம் மூச்சு வாங்க ஓடி வந்து நின்றாள். "ஷூவ ஏண்டி போடல இவன்?" என்று அவளைப் பிடித்தேன்.

"நான்தான்க்கா எடுத்து வச்சன். ரெண்டாந்தேதி சேத்துப்பட்டுல எந்தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் போட ஒரு நல்ல ஷூ இல்ல. புதுசாவே இருக்கட்டும்னு..."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆஸ்பத்திரி வாசல், நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. புருஷனைக் கொன்றுவிட்டுத் தம்பிக்கு ஷூ மாட்டிப் பார்க்கப் போகிறாயா என்றுகூடக் கேட்டேன். அவள் அழுதாள். இத்தனை கடுமையாக அவளைப் பேசியிருக்கக் கூடாது. அவள் என்ன பாவம் செய்தாள்?

ஜனவரி 24, வெள்ளி

காலை ஏழேமுக்காலுக்கு கேட்டில் நின்றேன். ஏழுமலை நொண்டிக்கொண்டு வந்தான். "வாயத் தொற" என்றேன்.

"இன்னாக்கா?"

"நல்லாத் தொறடா. ஆ-ன்னு."

திறந்தான். மூன்று விரல் போகிற அளவு. போ என்றேன். ஒரு வாரத்துக்குக் கீழேயே பலகை துடைக்கிற வேலை.

ஜனவரி 25, சனி

திறந்தான். பல் தேய்க்கவில்லை. திட்டினேன்.

ஜனவரி 27, திங்கள்

நாள் நாலு. சைட்டே வேடிக்கை பார்க்கிறது. கம்பி கட்டுகிறவர்கள் வரிசையில் நின்று, "அக்கா, எனக்கும் பாருக்கா" என்று ஆ காட்டுகிறான்கள். செக்யூரிட்டிகூடச் சிரிக்கிறார். ஜெபராஜ் கூப்பிட்டு, "என்னக்கா, பல் ஆஸ்பத்திரி தொடங்கிட்டீங்களா?" என்றார். "உங்க நோட்டீஸ்ல இத எட்டாவது விதியா சேத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 30, வியாழன்

நாள் ஏழு. வாய் திறக்கிறது. நாளை சாயங்காலம் குடும்பமாகக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறார்கள். மகள் நீலவேணி, இங்கே பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படிக்கிறாள், பாவாடையை இன்றைக்கே கட்டிக்கொண்டு ஷெட்டைச் சுற்றுகிறாள்.

பூங்காவனத்திடம் சொன்னேன்: "தெனம் காலைல ஃபோன் பண்ணு. வாயத் தொறந்தான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்." அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். மாப்பிள்ளைக்குக் கொடுக்க ஒரு வேட்டி வாங்கி அவள் கையில் திணித்தேன்.

பிப்ரவரி 1, சனி

நாள் ஒன்பது. காலையில் ஃபோன் வரவில்லை.

எட்டு மணிக்கு அடித்தேன், அணைத்து வைத்திருக்கிறாள். ஒன்பதுக்கு அடித்தேன். பத்துக்கு. கல்யாண வீட்டில் ஃபோன் எங்கே கிடக்கிறதோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையுறை எண்ண உட்கார்ந்து மூன்று முறை தப்பாக எண்ணினேன்.

அவருக்கும் ஒன்பதாம் நாள்தான். மார்கழி. பலகை பிரிக்கும்போது ஆணி. நான்தான் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைத்துக் கட்டினேன். மறுநாளே சரியாகிவிட்டது என்று குதித்துக் காட்டினார். ஒன்பதாம் நாள் காலையில் டீக்கடையில் பன்னைக் கடிக்க முடியவில்லை என்றார். "பன்னு பழசு" என்றேன் நான். மத்தியானம் கழுத்து வலி. தலையணை இல்லாமல் படுத்தீர்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. சாயங்காலம் வெற்றிலை மடித்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, வாய்க்குள் வைக்க முடியாமல், என்னைப் பார்த்தார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். உதடு இழுத்துக்கொண்டு அப்படி நின்றுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் நாலு நாள். இருட்டறையில் வைத்திருந்தார்கள். சத்தம் கூடாது, வெளிச்சம் கூடாது, தொடக் கூடாது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தை மாதம் அவர் தங்கச்சி கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள்.

பதினொன்றரைக்கு ஃபோன் வந்தது. "சார்ஜு இல்லக்கா" என்றாள் பூங்காவனம், பின்னால் மேளச் சத்தம். ஏழுமலை எங்கே என்றேன். "பந்தல்ல நிக்குது. வாய் நெறைய வெத்தல போட்டுகினு ஊரு நாயம் பேசிகினு இருக்குது. கூப்புடட்டா?"

வேண்டாம் என்றேன். அவன் வெற்றிலை போட்டிருக்கிறான். அது போதும். ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வந்துவிட்டார்கள். ஷூ வரவில்லை.

மாப்பிள்ளை ஷூவோடு மறுவீட்டுக்குப் போய்விட்டானாம். புது மாமியார் வீட்டு வாசலில் வைத்துக் கழற்று என்று எப்படிக் கேட்பது என்கிறாள் பூங்காவனம். நேற்று லீவு சொல்லியிருந்ததால் கணக்கில் இல்லை. இன்றிலிருந்து எண்ணுகிறார்கள். ஏழுமலையை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நாள் ஒன்று. வாயை மட்டும் திறந்து காட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

ஜெபராஜிடம் போனேன். ஸ்டோரில் ஏழு ஜோடி மீதி இருக்கிறது, அதில் எட்டாம் நம்பர் ஒன்று. "ஒரு ஜோடி குடுங்க சார், மாசக் கடைசியில திருப்பி வாங்கிக்கலாம்."

"முடியாதுக்கா. இன்னைக்கு இவனுக்குக் குடுத்தா, நாளைக்கு நூறு பேரும் ஷூவ ஊருக்கு அனுப்பிட்டு வந்து நிப்பானுவ. அப்புறம் ஆணி ஏறும். நீங்களே சொல்லுங்க, நான் சொல்றது தப்பா?"

தப்பில்லை. அதுதான் எரிச்சல். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வியாழன் சாயங்காலத்துக்குள் ஷூவோடு வராவிட்டால் பாஸ் போய்விடும். ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். நீலவேணி பரீட்சை வரைக்கும்கூட இருக்க முடியாது.

எட்டாம் நம்பர். பரணை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

எடுத்துக்கொண்டு போனேன்.

பெட்டியை ஏழுமலையிடம் கேட்டுக்கு வெளியே கொடுத்தேன். புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. வருஷம் தவறாமல் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தது நான் ஆயிற்றே. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தேன் என்று பொங்கலன்றைக்கு எழுதியது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். "முடிச்ச அவுக்காத. அப்படியே கால நொழ" என்றேன். ஏன் என்று கேட்காமல் நுழைத்தான். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

செக்யூரிட்டி குனிந்து பார்த்து, சரி போ என்றார். கேட்டைத் தாண்டினான். ஜல்லி கொட்டிய பாதையில் பத்தடி போயிருப்பான். "அக்கா" என்று நின்றுவிட்டான். பின்னாலேயே பாதை நெடுகக் கறுப்பாக ஏதோ சிந்திக்கொண்டு வந்திருந்தது. ஊசிப்போன கேக் மாதிரி சோல் உதிர்கிறது. ஒரு காலைத் தூக்கினான், பாதி சோல் தரையிலேயே நின்றுவிட்டது.

ஜெபராஜ் ஓடி வந்தார். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். மாவாகிவிட்டது. "எந்த வருஷத்து ஷூக்கா இது?"

"ரெண்டாயிரத்து ரெண்டு."

"இந்த சோலு அப்படித்தான். போட்டு நடந்திருந்தா ரெண்டு மூணு வருஷம் நல்லா உழைச்சிருக்கும். போடாம வச்சா உள்ளுக்குள்ளயே செத்துரும்." அவர் ஷூவைக் கவிழ்த்து மிச்சத்தையும் தட்டினார். உள்ளிருந்து ஒன்று வெயிலில் பளிச்சென்றது. "பாருங்க, தகடு மட்டும் அப்படியே இருக்கு. துருகூடப் புடிக்கல."

"தகடா?"

"ஆமாக்கா. ஆணி ஏறாத தகடு. அப்பவே வச்சுத்தான் செஞ்சிருக்கான்."

இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரே ஒரு சமாதானத்தில் காலம் தள்ளினேன். அந்தக் காலத்து ஷூவில் தகடு கிடையாது, போட்டிருந்தாலும் ஏறியிருக்கும், விதி. இந்த டைரியின் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கடைக்காரனிடமும் கேட்டதில்லை. ஒரு தடவைகூட அந்த ஷூவை வளைத்துப் பார்த்ததில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே.

ஜனவரி பத்தாம் தேதி எழுதியதும் பொய். அடித்துத் திருத்தப் போவதில்லை, இங்கே எழுதுகிறேன். அவர் ஷூவை வேலைக்குப் போடத்தான் நினைத்தார். ஷூ வந்த புதிதில் ஒரு நாள் காலையில் லேஸ் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, ஷெட் வாசல் வரைக்கும் போய்விட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். "தங்கச்சி கல்யாணத்துல நாலு பேர் பாக்கணும். சிமெண்ட்டுல போட்டு இன்னிக்கே கெடுத்துடாத. பத்திரமா வை" என்றேன். "சரி, நீ சொன்னா சரி" என்றார். நேரமாகிவிட்டது, முடிச்சை அவிழ்க்கக்கூட நேரமில்லை. அப்படியே உருவிப் போட்டுவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினார்.

அந்த முடிச்சை நான் இன்றுவரை அவிழ்க்கவில்லை.

சாயங்காலம் பூங்காவனத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இதை எல்லாம் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. ஆஸ்பத்திரி வாசலில் திட்டியது உன்னை இல்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் நல்லதுக்குத்தானக்கா சொன்ன" என்றாள். நல்லதுக்குத்தான். தம்பிக்கு ஃபோன் போட்டாள். மறுவீடாவது, மாமியார் வீடாவது, விடிந்ததும் ஷூவோடு பஸ் ஏறாவிட்டால் அக்கா என்று கூப்பிடாதே என்று அவள் போட்ட போடு எனக்கே கேட்கப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

ஏழுமலை காலையில் கேட்டில் வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டு, எதிர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு. இரண்டு. மூன்றரை. நான் ஸ்டோருக்கும் கேட்டுக்கும் நடந்தது எத்தனை தடவையோ. ஐந்தரைக்கு ஆபீஸ் மூடுவார்கள்.

நாலே கால் பஸ்ஸில் மாப்பிள்ளை இறங்கினான். நெற்றியில் இன்னும் சந்தனம், கையில் மஞ்சப்பை, காலில் மாமியார் வீட்டு ரப்பர் செருப்பு. பையிலிருந்து ஷூவை எடுத்துக் கவிழ்த்தால் அட்சதை அரிசி கொட்டுகிறது. ஒரு பக்கம் குங்குமக் கறை. ஒரு ஷூவில் கயிறே இல்லை.

"கயிறு எங்கடா?"

"கல்யாண வாசல்ல வாழமரம் சாஞ்சிடிச்சிக்கா. நான் மணையில உக்காந்துகினு இருந்தன். எவனோ கயித்த உருவி மரத்துக்குக் கட்டிட்டான்."

ஜெபராஜ் ஷூவைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டது தெரிந்தது. "பாஸ் இருக்கட்டும். ஆனா நாளைக்குக் காலையில கயிறோட வரணும். கயிறு கட்டாத ஷூ செல்லாது, நோட்டீஸ்ல போட்டிருக்கு."

சணல் எடுத்துக் கட்டிக்கொள்கிறேன் என்றான் ஏழுமலை. வேண்டாம், நான் கொண்டு வருகிறேன் என்றேன்.

இப்போது பெட்டி மடியில் இருக்கிறது. முடிச்சு கல் மாதிரி இறுகியிருக்கிறது. நகம் போட்டுப் பார்த்தேன், பல் போட்டுப் பார்த்தேன். கத்தரிக்கோல் எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். இரட்டை முடிச்சு. இடது பக்கம் கொஞ்சம் நீளமாக விட்டு, அந்த மீதியை உள்ளே செருகியிருக்கிறார். என்ன அவசரத்திலும் செய்ததைத் திருத்தமாகச் செய்கிற மனுஷன்.

கடைசியில் கோணி ஊசி நுழைத்து நெம்பியதில் இளகியது. அவிழ்ந்த இடத்தில் மட்டும் கயிறு நெளிநெளியாக நின்றது. இழுத்துப் பார்த்தேன். அறவில்லை. சோல்தான் செத்திருக்கிறது, கயிறு உறுதியாக இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

கேட்டிலேயே ஏழுமலையை உட்கார வைத்து, குனிந்து நானே கயிறு கோத்தேன். "விடுக்கா, நீ போயி என் கால..." என்று இழுத்தான். "சும்மா இருடா" என்றேன். இரட்டை முடிச்சு. இடது பக்கம் கொஞ்சம் நீளமாக விட்டு, மீதியை உள்ளே செருகினேன். செக்யூரிட்டி பார்த்தார், ஜெபராஜ் பார்த்தார், போ என்றார்கள்.

மூன்றாம் மாடியில் இன்று பலகை பிரிக்கிறார்கள். எட்டேகாலுக்கு ஏறினான். ஷூ போட்ட காலுக்கு இரும்புப் படி டங் டங்கென்று சத்தம் கொடுத்தது. கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டு கீழே நின்றேன். மேலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இன்னும் நிக்கிற?" என்று கத்தினான். ஒன்றுமில்லை, வேலையைப் பார் என்றேன்.

ஸ்டோருக்கு வந்து, பூட்டைத் திறந்து, கையுறைக் கட்டைப் பிரித்து பாதி எண்ணிய பிறகுதான் நினைவு வந்தது. இன்றைக்கு நாள் பதினைந்து. அவனை வாயைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.